பார்சல் வண்டி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி: போய்வந்தவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

வடவாற்றான்:
நான் தேர்ச்சி பெற்று வேலையிலும் சேர்ந்துவிட்டேன். ஆனாலும் எங்கள் அணியில் இருந்த ஒருவர் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறார். ஒப்பிக்க வேண்டிய ஐந்து விதி, பார்ப்பதை வாயால் சொல்லிக்கொண்டே ஓட்டும் வர்ணனை ஓட்டம் எல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் வேதாரண்யம் உப்பு ஏற்றி லாரி ஓட்டியவர். ஐம்பதைத் தாண்டியவர், நாங்கள் பெரியப்பா என்று கூப்பிட்டோம். இரவு ஓட்டம் உடம்புக்கு ஒத்துவரவில்லை, ராத்திரி வீட்டில் படுக்கிற வேலை வேண்டும் என்று வந்திருந்தார். அந்த ஐந்து விதி எழுதிக் கொடுத்த தாளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும் அல்லவா, அது அவருக்கு ஏறவே இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார், மூன்றாவதில் நின்றுவிடும்.

தேர்வு ஓட்டம் தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு. அந்த வழி தெரிந்ததுதானே: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலம் மேல் பாலம். பயிற்சி வண்டியின் பின்னால் பெஞ்சு போட்டு எங்களை உட்கார வைத்திருந்தார்கள். பெரியப்பா ஓட்டுகிறார், பார்ப்பதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே போகிறார். "முன்னால் சைக்கிள். இடது பக்கம் பள்ளிக்கூடம். கண்ணாடியில் மினி பஸ்." வெட்டாறு தாண்டிய பிறகு ஓரிடத்தில் சட்டென்று பேச்சு நின்றது. மூன்றாவது கியர் இரண்டுக்கு இறங்கியது. எங்கள் கண்ணுக்கு எதிரே சாலையின் மேடு மட்டும்தான் தெரிந்தது. பயிற்றுநர், "பேசுங்கள், பேசுங்கள்" என்கிறார். இவர் வாயைத் திறக்கவில்லை. மேட்டில் ஏறிப் பார்த்தால் சாலை முழுக்க வாத்து. குறுவை அறுத்த வயலிலிருந்து அடுத்த வயலுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வண்டி அதற்குள் நடை வேகத்துக்கு வந்திருந்தது. ஹாரன்கூட அடிக்கவில்லை, அடித்தால் கலைந்து சக்கரத்துக்குள் வரும் என்று அவருக்குத் தெரியும்.

மேட்டுக்கு அப்பால் வாத்து ஓட்டுபவரின் மூங்கில் கோல் நுனியும் அதில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளும் ஆடியதைப் பார்த்தாராம். பயிற்றுநர் மதிப்பெண் தாளில் எழுதியது: "வர்ணனை நின்றது." அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார்கள். போகும்போது பெரியப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் ஐயா?"

"வாத்து என்று சொல்லியிருக்கலாம்" என்றார் பயிற்றுநர். அணியில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

மாயவரத்துக்காரன்:
பயிற்றுநர் சொன்னதில் என்ன தவறு? வாத்து என்று சொல்ல ஒரு நொடி போதும். அவர் மனதுக்குள் என்ன பார்த்தார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் பெரியப்பா அந்தத் தடவை கோலைப் பார்த்தார், சரி. அடுத்த தடவை தூக்கக் கலக்கத்தில் வாய் மூடி வந்தாலும் அதே அமைதிதானே?

எனக்கு நடந்தது வேறு. சீர்காழிச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது பயிற்றுநர் திடீரென்று தன் கைத்துண்டை எடுத்து நடுக் கண்ணாடி மேல் போட்டார். "பின்னால் என்ன வருகிறது, சொல்." நான் சொன்னேன்: வைக்கோல் ஏற்றிய டிராக்டர், அதற்குப் பின்னால் வெள்ளைக் கார், கார் முந்தப் பார்க்கிறது. துண்டை எடுத்தால் கார் எங்களுக்குப் பக்கவாட்டிலேயே வந்துவிட்டிருந்தது. அவர் தலையைக்கூட ஆட்டவில்லை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து துண்டை உதறினால் என் கண் கண்ணாடிக்குப் போகிறது. ஒப்பிக்க வைத்துத்தான் இந்தப் பழக்கம் வந்தது. அதனால்தான் சொல்கிறேன், தாளைக் குறை சொல்லாதீர்கள்.

அரசலாற்றுப் பெண்:
இருவரும் வாத்தின் பின்னாலேயே போகிறீர்கள். என்னுடையதைக் கேளுங்கள்.

எங்கள் அணியில் நான் ஒருத்திதான் பெண். கும்பகோணத்தில் தெரு டெலிவரித் தேர்வு. தெரு முடிவில் படித்துறை, வண்டியைத் திருப்ப இடமில்லை, ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். மார்கழிக் காலை. உள்ளே போகும்போது வெறும் ஈர வாசலாக இருந்தது, பார்சலைக் கொடுத்துவிட்டு வருவதற்குள் தெருவை அடைத்து ஒரு கோலம். போட்ட பாட்டி கோலமாவுக் கொட்டாங்கச்சியோடு வண்டிக்குப் பின்னால் நிற்கிறார். இறங்கிப் பார்த்த பிறகே ரிவர்ஸ் என்பது விதி. இறங்கினேன்.

"பாட்டி, கொஞ்சம் விலகுங்கள்" என்றேன். "ஓட்டத் தெரிந்தவள் என்றால் கோலத்தை மிதிக்காமல் எடு" என்றார். விலகவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே கோலம் அடங்குமா என்று காலால் அளந்து பார்த்தேன். நடுக் கோலம் அடங்கும், ஓரத்துத் தாமரை அடங்காது. பாட்டியிடம் காட்டினேன். அவர் குனிந்து இரண்டு இதழை மட்டும் கையால் அழித்துவிட்டுத் திண்ணையில் ஏறிக்கொண்டார். கிளட்சிலேயே மெதுவாக எடுத்துவிட்டேன். ஒரு கோடு கலையவில்லை.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. அலுவலகத்துக்குத் திரும்பியதும் அந்தத் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் இதற்குச் சம்மதமா அம்மா?" எனக்கு முன்னால் போன ஆண்கள் யாரிடமும் அவர் இதைக் கேட்கவில்லை. கோலத்தை விட அதுதான் நினைவில் நிற்கிறது.

பழைய பேட்ஜ்:
எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. காலணி சரியில்லை என்று முதல் நாள் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கடைக்கு ஓடிப் போய் வாங்கி வந்தேன். அவ்வளவுதான்.

தம்பி வடவாற்றானுக்கும் மற்றவர்களுக்கும் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். முதலில் உரிமம். பேட்ஜ், அதாவது போக்குவரத்து வண்டி ஓட்டுவதற்கான தனி ஒப்புதல், இல்லாமல் சரக்கு வண்டி ஓட்டலாமா என்று இன்னும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் போக்குவரத்து வண்டியை எல்.எம்.வி. (இலகுரக மோட்டார் வாகன) உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம், தனி ஒப்புதல் வேண்டாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்துவிட்டது. குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டியெல்லாம் இந்த எடைக்குள் தாராளமாக அடங்கிவிடும். ஆனால் சட்டம் ஒன்று சொல்லும், நிறுவனம் இன்னொன்று கேட்கும். சேரும்முன் என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணை முன்னதாகவே சோதித்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் போன இடத்தில் எழுத்துப் பலகையைப் பார்த்துத் திகைக்கக் கூடாது.

அடுத்தது மனப்பாடம். உட்கார்ந்து படித்தால் ஏறாது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, ஓட்டுநர் பார்க்க வேண்டியதையெல்லாம் நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே வாருங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது: முழுத் தாளையும் முன்னும் பின்னும் சொல்லி முடித்தாலும் கேட் திறந்திருக்காது. நீங்களே ஓட்டும் நாளில் அங்கே என்ஜினை அணைத்துவிட மறக்காதீர்கள்.

இடைவெளியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். முன்னால் போகும் வண்டி ஒரு மரத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பியுங்கள். மூன்று நொடி ஆவதற்குள் நீங்கள் அந்த மரத்துக்கு வந்துவிட்டால் ஒட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று பொருள். மழையில் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள். பயிற்சிக் காலத்தில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகாதீர்கள்.

வடவாற்றான்:
பழைய பேட்ஜ் ஐயா, நான் தேர்ச்சி பெற்றுவிட்டேன் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். என் காது குத்தி முடிந்தும் நெடுங்காலம் ஆகிறது.

மாயவரத்துக்காரருக்கு: அவர் தூங்கவில்லை. கியரைக் குறைத்தது பயிற்றுநருக்கும் தெரிந்ததுதான். அதைத் தாளில் எழுத இடமில்லை, அவ்வளவுதான்.

மன்னை முதல் எடிசன் வரை:
அயலூரிலிருந்து ஒரு குரல். என் சித்தப்பா மகன் இங்கே அமெரிக்காவில் யு.பி.எஸ். என்ற பார்சல் நிறுவனத்தின் பழுப்பு வண்டி ஓட்டுகிறான். உங்கள் தாளில் இருக்கிற ஐந்து விதியும் அநேகமாக இங்கே பிறந்ததுதான். ஹரால்ட் ஸ்மித் என்பவர் 1952-இல் ஓட்டுநர் பயிற்சி நிறுவனம் தொடங்கியபோது வகுத்தவை: தூரத்தில் கண்ணை வை, முழுச் சூழலையும் பார், கண்ணை ஓட்டிக்கொண்டே இரு, விலகிக்கொள்ள ஒரு வழி வைத்திரு, மற்றவர் உன்னைப் பார்த்துவிட்டாரா என்று உறுதி செய்துகொள். யு.பி.எஸ். ஓட்டுநர்கள் இதை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். அவர்களுக்கு மேரிலாந்தில் ஒரு பயிற்சி மையம் உண்டு. அங்கே பொய்யாக ஒரு குட்டி ஊரே கட்டி, அதில் டெலிவரி செய்யப் பழக்குகிறார்கள். வழுக்கும் தரையில் இடுப்பில் கயிறு கட்டி நடக்கவிடுவதும் உண்டு. வழுக்கும்போது உடம்பு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமாம்.

தம்பி தேர்வுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில்தான் இருந்தான். குளிக்கும்போதும் ஒப்பித்தல்தான். சாம்பார் ஊற்றப் போன என் மனைவியிடம் "விலகிக்கொள்ள ஒரு வழி வைத்திரு" என்றான். இன்னொரு செய்தி: இங்கே வலது பக்கம் ஓட்டுகிறார்கள் அல்லவா, எதிர் வண்டிகளைக் குறுக்கிட வேண்டியிருப்பதால் இடது பக்கம் திரும்புவதைக் கூடியவரை தவிர்த்தே யு.பி.எஸ். வழித்தடம் போடுகிறது. நம் ஊருக்கு இதை மாற்றி, வலப்பக்கத் திருப்பத்தைத் தவிர் என்று வைத்தால் மன்னார்குடித் தேரோடும் வீதியில் பாதி வேலை மிச்சம். ஆனால் நம் ஊரில் பாதை ஒன்றுதான் இருக்கும், அது ஆற்றில் போய் முடியும். கைப்பேசி வரைபடம் வெட்டாற்றுக்கு அக்கரையில் இருக்கும் வீட்டை முந்நூறு மீட்டர் என்று காட்டும். நடுவே இருப்பது நடைபாலம்.

பயிற்சி கொடுத்தவன்:
இன்னொரு நிறுவனத்தில் இந்த வேலையைச் செய்தவன் நான். வர்ணனை எதற்கு என்றால், பார்வை எங்கே நிற்கிறது என்று வெளியே தெரியத்தான். புதியவர்கள் பெரும்பாலும் முன் வண்டியின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு வருவார்கள். பேசச் சொன்னால் உடனே அது அம்பலமாகும். எனவே மாயவரத்துக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் என்னை உறுத்துகிற ஆள் வேறு. இருபத்தைந்து வயதுப் பையன், ஐந்து விதியையும் பாடல் போல் ஒப்பிப்பான். அறுவடைக் காலம், வலங்கைமான் பக்கம் சாலையின் பாதியில் நெல் காய்கிறது. அவன் "நெல் தெரிகிறது, வேகத்தைக் குறைக்கிறேன்" என்று அழகாகச் சொன்னான். சொல்லிவிட்டு நெல் மேல் ஏறிய பிறகு பிரேக்கை அழுத்தினான். வண்டியின் பின்பகுதி அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தது. துடுப்பால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்த அம்மா துடுப்பைப் போட்டுவிட்டு வாய்க்காலில் குதித்தார். வண்டி ஒரு புளியமரத்துக்கு இப்பால் நின்றது. அந்த அம்மா முழங்கால் சேற்றோடு ஏறி வந்து அவனை விட்டுவிட்டு என்னைத் திட்டினார்.

தாளில் வர்ணனைக் கட்டத்தில் அவனுக்கு முழு மதிப்பெண் வர வேண்டும். நான் ஓரத்தில் எழுதினேன்: "வாய் பார்த்தது, கால் பார்க்கவில்லை." அலுவலகத்தில் கட்டங்களை மட்டும் கூட்டினார்கள், ஓரத்தைப் படிக்கவில்லை. அவன் தேர்ச்சி பெற்றான். உங்கள் பெரியப்பாவுக்கு ஓரத்தில் எழுத அங்கே யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.

மாயவரத்துக்காரன்:
நெல்லைச் சாலையில் காயப்போடுவதே சட்ட விரோதம். அதற்கு ஓட்டுநரைக் குறை சொல்வானேன்?

குடமுருட்டி விவசாயி:
இந்தத் திரிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, மகன் பயிற்சிக்குப் போகிறான் என்று படித்துக்கொண்டிருந்தேன். சாலையில் போடுவது எங்களுக்கு ஆசையா? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையைத் தொடமாட்டார்கள். ஊரில் இருக்கும் ஒரே களம் ஐந்து பேருக்குப் போதாது. மழை மேகம் வேறு தலைக்கு மேல் நிற்கும்.

ஓட்ட வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நெல் தொடங்கும் இடத்தில் கல்லோ முள்ளோ வைத்திருப்போம், அங்கேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நெல் மேல் ஏறிவிட்டால் பிரேக்கும் வேண்டாம், ஸ்டியரிங்கை ஒடிக்கவும் வேண்டாம், அதே கியரில் உருட்டிக்கொண்டு போய்விடுங்கள். வைக்கோல் என்றால் நிறுத்தவே நிறுத்தாதீர்கள், சூடான சைலன்சரில் பட்டால் பிடித்துக்கொள்ளும். முடிந்தவரை நாங்கள் விட்டிருக்கும் பக்கமாகவே போங்கள். அரிசி நொறுங்கினால் அதற்கும் விலையைக் குறைப்பார்கள்.