புதுப்பிப்பு: வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்த சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: மவுஸை நகர்த்தினால் சுட்டி நடுவில் அப்படியே நின்றுவிடுகிறது, கீபோர்டில் சில எழுத்துகள் விழுவதே இல்லை. புது பேட்டரி போட்டேன், டிரைவரை (மவுஸை இயக்கும் மென்பொருள்) நீக்கி மறுபடி நிறுவினேன். பலனில்லை.

குற்றவாளி, மவுஸ், கீபோர்டு சிக்னலை வாங்க லேப்டாப்பில் செருகும் குட்டி ரிசீவருக்குப் பக்கத்துப் போர்ட்டில் இருந்த யுஎஸ்பி 3.0 வெளி ஹார்ட் டிஸ்க். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போதுதான் கவனித்தேன். நகல் ஓடும்வரை தடுமாற்றம், முடிந்ததும் சரி. டிஸ்கைக் கழற்றினால் தொல்லையே இல்லை. மூன்று முறை செய்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதன் போர்ட், கேபிள், சாதனம் ஆகியவற்றிலிருந்து கசியும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. ரிசீவர் கேட்பதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் 2012-லேயே இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுஸின் சிக்னல் மிக மெல்லியது. ஓரிரு சென்டிமீட்டரில் இரைச்சல் இருந்தால் அதில் மூழ்கிவிடும். டிரைவரில் தேடி இரண்டு நாள் போனதுதான் வருத்தம்.

தீர்வு எளிது. ஒரு யுஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிளில் ரிசீவரைச் செருகி, மவுஸ் பேடுக்கு அருகில் கொண்டுவந்து வைத்தேன். அப்புறம், அதே 2.4-இல் ஓடிய லேப்டாப்பின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், ஆனால் கேபிள்தான் பெரும்பாலான வேலையைச் செய்தது. ஐந்து நாளாக ஒரு தடங்கலும் இல்லை.

ரிசீவரை இடம் மாற்றிப் பார்க்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. புளூடூத் மவுஸ் வைத்திருப்பவர்களும் இதைச் சோதித்துப் பாருங்கள், அதுவும் 2.4-தான்.