எட்டு விளக்குகளும் எரிந்தன, இணைப்பு நிற்கவில்லை: வீட்டில் நாமே லேன் கேபிள் இழுத்த அனுபவங்கள்

தாம்பரத்திலிருந்து:

கீழ்த்தளத்து ரவுட்டரிலிருந்து மாடி அறைக்கு 22 மீட்டர் கேட்6 கேபிளை (எட்டுக் கம்பிகள் நான்கு முறுக்கிய ஜோடிகளாக உள்ள லேன் கேபிள்) நானே இழுத்தேன். பழைய தொலைபேசிக் குழாய் காலியாக இருந்ததால் இழுப்பதில் சிரமம் இல்லை. இரு முனைகளிலும் ஆர்ஜே45 என்ற லேன் பிளக்கைக் கிரிம்ப் செய்து (கருவியால் அழுத்திப் பொருத்தி), கேபிள் டெஸ்டரை மாட்டியபோது 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஆனால், பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கத் தொடங்கியதுமே இணைப்பு அறுந்தது, தானே வந்தது, மீண்டும் அறுந்தது. இரண்டு இரவுகள் ரவுட்டரைத்தான் சந்தேகித்தேன். மூன்றாம் நாள் காலை பிளக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக அடுத்தடுத்து அடுக்கியிருந்தேன். பிளக்கின் 3, 6 ஆகிய இரண்டு ஊசிகளுக்கும் ஒன்றோடொன்று முறுக்கிய பச்சை ஜோடி செல்ல வேண்டும். என்னுடையதில் 3-இல் வெள்ளைப்பச்சையும் 6-இல் நீலமும் இருந்தன. கம்பி முனைக்கு முனை தொடர்கிறதா என்று மட்டுமே அந்த டெஸ்டர் பார்க்கும். எது எதனோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

மதுரையிலிருந்து:

இதில் எனக்கு உடன்பாடில்லை. இரு முனைகளிலும் வரிசை ஒன்றாக இருந்தால் போதும். என் மேசையில் அப்படித்தான் 4 ஆண்டுகளாக ஓடுகிறது. உங்கள் கேபிள் முழுச் செம்பாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன், ஏனெனில் எனக்கு நேர்ந்தது அதுதான். விலை பாதி என்று வாங்கிய 305 மீட்டர் கேபிள் பெட்டியிலிருந்து இழுத்து, வாசல் கேமராவுக்குப் பிஓஇ மூலம், அதாவது லேன் கேபிள் வழியாகவே, மின்சாரம் கொடுத்தேன். பகலெல்லாம் ஓடிய கேமரா, இருட்டி அகச்சிவப்பு விளக்குகள் எரிந்த அந்த நொடியே அணைந்துவிடும். கம்பியைப் பிளேடால் சுரண்டினேன்: மேலே செம்பு, உள்ளே வெள்ளி போல் மின்னும் அலுமினியம். விளக்குகள் கேட்ட கூடுதல் மின்சாரத்துக்கு அது போதவில்லை.

தஞ்சாவூரிலிருந்து:

என்னுடையது சிறிய அனுபவம்: வேகம் 1000 Mbps-க்குப் பதிலாக 100 என்றே காட்டியது, ஏனெனில் நீலக் கம்பி பிளக்கின் முனைவரை செல்லவில்லை. 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய கம்பிகள் போதும். 1000-க்கு எட்டும் வேண்டும்.

மதுரை நண்பருக்கு: மேசைக்குள் அடங்கும் சிறு துண்டு தவறான வரிசையையும் பொறுத்துக்கொள்ளக்கூடும், அதை 22 மீட்டருக்கு விதியாக்க முடியாது. இனிமேல் இழுக்கப்போகிறவர்களுக்கு இன்னும் சில சொல்ல வேண்டும். 230 வோல்ட் ஒயர் செல்லும் குழாய்க்குள் லேன் கேபிளை நுழைக்கவே நுழைக்காதீர்கள். உறை உரிந்து மின்சாரம் பாயும் ஒயரைத் தொட்டால் ஆபத்து ரவுட்டரோடு நிற்காது. கேபிள் முனையில் ஜோடிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். சுவருக்குள் போகும் கேபிளின் முனையில் பிளக்கைப் போடாமல், கீஸ்டோன் ஜாக்கில் (சுவரில் பதிக்கும் லேன் சாக்கெட்) முடித்துவிட்டால் அதன்பின் அந்தக் கேபிளை யாரும் அசைக்க வேண்டியிருக்காது. குழாயில் இடம் இருக்கும்போதே இரண்டாவது கேபிளையும் சேர்த்து இழுத்துவிடுங்கள். பின்னால் தனியாக நுழைப்பது பெரும்பாடு.

தாம்பரத்திலிருந்து மீண்டும்:

மதுரை நண்பர் சொன்னதற்காகவே வெட்டிய துண்டு ஒன்றைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளேயும் செம்புதான். வெள்ளைஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைப்பழுப்பு, பழுப்பு என்று இரு முனைகளையும் மாற்றிக் கிரிம்ப் செய்த பிறகு, அதே கேபிளில் அதே கோப்பு ஒரே மூச்சில் நகலாகி முடிந்தது.