புறவழிச்சாலை திறந்தாச்சு: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பழைய ரோட்டை எந்த வகையில் போடுவது, என்ன பெயர் வைப்பது?

காவிரிக்கரை:
வணக்கம். தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் பேரூராட்சி ஒன்றை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சரிசெய்ய உதவி தேவை. ஊருக்குள் போகும் பழைய ரோடு 4 கி.மீ. ஊரைச் சுற்றும் புதிய நான்குவழி புறவழிச்சாலை 6 கி.மீ., போக்குவரத்துக்குத் திறந்துவிட்டார்கள். வரைபடத்தில் பழைய ரோடு இன்னும் 'டிரங்க்' (தேசிய நெடுஞ்சாலைக்கான வகை), புதியது 'கன்ஸ்ட்ரக்‌ஷன்'. இந்த வரைபடத்தை வைத்து வழிகாட்டும் ஆர்கானிக் மேப்ஸ் ஆப்பில் வழி கேட்டால் கடைவீதிக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போகிறது.

பழைய ரோட்டை எதற்கு இறக்குவது? பிரைமரியா, செகண்டரியா? புறவழிச்சாலையின் சர்வீஸ் ரோட்டை ஒருவர் 'ஹைவே=சர்வீஸ்' என்று போட்டிருக்கிறார், அது சரியா? பலகையில் 'காந்தி ரோடு' என்று இருக்கிறது, ஊரில் எல்லாருக்கும் அது 'கடைவீதி'. இதில் எதைப் பெயராகப் போடுவது? தமிழிலா ஆங்கிலத்திலா? வயல் பக்கம் பஞ்சாயத்து போட்ட சிமெண்ட் ரோடுகள் எல்லாம் 'டிராக்' என்று கிடக்கின்றன, அதையும் மாற்ற வேண்டுமா?

மைல்கல்:
முதலில் புதிய ரோட்டைக் கவனியுங்கள். கன்ஸ்ட்ரக்‌ஷன் என்று இருக்கும்வரை எந்த ஆப்பும் அதை ரோடாகவே எண்ணாது. ஹைவே=டிரங்க் ஆக்கிவிட்டு, கூடவே இருக்கும் 'கன்ஸ்ட்ரக்‌ஷன்=டிரங்க்' டேகை (ரோட்டின் தன்மையைச் சொல்லும் குறிப்பு) நீக்குங்கள். இரண்டு பக்கமும் தனித்தனிக் கோடா, ஒவ்வொன்றிலும் ஒன்வே இருக்கிறதா, கோட்டின் அம்புக்குறி வண்டி போகும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முனையிலும் பழைய ரோட்டோடு ஒரே புள்ளியில் சேர வேண்டும். பார்வைக்குத் தொட்டமாதிரி இருந்து புள்ளி சேராமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. மேம்பாலத்தில் இதற்கு நேரெதிர்: மேலே போவதும் கீழே போவதும் புள்ளியைப் பகிரக் கூடாது. மேலே உள்ளதற்கு பிரிட்ஜ்=யெஸ், லேயர்=1.

வகைக்கு இந்தியாவில் நாம் பின்பற்றும் ஏணி இது: தேசிய நெடுஞ்சாலை டிரங்க், மாநில நெடுஞ்சாலை பிரைமரி, மாவட்ட முக்கியச் சாலை செகண்டரி, இதர மாவட்டச் சாலை டெர்ஷியரி. அதற்குக் கீழே ஊரை ஊரோடு இணைப்பது அன்கிளாசிஃபைட், வீடுகள் இருக்கும் தெரு ரெசிடென்ஷியல். களத்தில் கண்டுபிடிக்க கிலோமீட்டர் கல்லின் தலையைப் பார்த்தால் போதும். மஞ்சள் என்றால் தேசியம், பச்சை என்றால் மாநிலம், கறுப்போ நீலமோ மாவட்டம், ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. ஆனால் புறவழிச்சாலை வந்த ஊரில் பழைய ரோட்டின் மஞ்சள் கல்லை நம்பாதீர்கள். ரோடு கைமாறி வெகுநாள் ஆனபிறகும் கல்லுக்கு வேறு சாயம் அடித்திருக்க மாட்டார்கள்.

நேஷனல் ஹைவே எண்ணை நேம் டேகில் எழுத வேண்டாம், அதற்கு ரெஃப் என்ற தனி டேக் இருக்கிறது. பழைய ரோட்டில் உள்ள ரெஃபை எடுத்துப் புதியதில் சேருங்கள். நெடுஞ்சாலைக்கான ரிலேஷன் (பல துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் பதிவு) இருந்தால் அதிலும் பழைய துண்டுகளைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டும்.

பழையபாதை:
மேலே சொன்னதோடு ஒரு கணக்கு. ஓஎஸ்ஆர்எம் வழிகாட்டி மென்பொருளில் காருக்கான இயல்பு வேகம் மணிக்கு டிரங்க் 85, பிரைமரி 65, செகண்டரி 55, டெர்ஷியரி 40, அன்கிளாசிஃபைடும் ரெசிடென்ஷியலும் 25, சர்வீஸ் 15 கி.மீ. மற்ற ஆப்களில் எண்கள் வேறு, போக்கு இதேதான். உங்கள் ஊரில் புறவழிச்சாலை 6 கி.மீ., 85 வேகத்தில் 4 நிமிடம் 14 விநாடி. பழைய ரோட்டை பிரைமரி ஆக்கினால் 4 கி.மீ.க்கு 3 நிமிடம் 42 விநாடி. ஆக, பிரைமரிக்கு இறக்கிய பிறகும் ஆப் கடைவீதிக்குள்தான் போகும்! செகண்டரி என்றால் 4 நிமிடம் 22 விநாடி, எட்டு விநாடியில் புறவழிச்சாலை ஜெயிக்கும்.

இதைப் பார்த்ததும் 'அப்போ செகண்டரியே போட்டுவிடலாம்' என்று தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. ஆப்பை வளைக்க வகையை மாற்றினால், அடுத்து வருபவர் இன்னொரு ஆப்புக்காக அதைத் திருப்பி மாற்றுவார். ரோட்டின் வேகம் குறைவு என்றால் அதற்கென்று மேக்ஸ்ஸ்பீடு இருக்கிறது. ஊர் எல்லையில் 40 என்று பலகை நட்டிருந்தால் மேக்ஸ்ஸ்பீடு=40 போடுங்கள். 4 கி.மீ.க்குக் குறைந்தது 6 நிமிடம் ஆகிவிடும், பிரைமரியாகவே இருந்தாலும் பிரச்சினை தீர்ந்தது. பலகை இல்லாமல் நீங்களாக ஓர் எண் போட வேண்டாம். கனரக வாகனம் நுழையத் தடைப் பலகை இருந்தால் எச்ஜிவி=நோ. அது லாரிக்கான வழியை மட்டும்தான் மாற்றும்.

பிரைமரியா செகண்டரியா என்பதற்கு என் விடை: இரண்டும் இருக்கலாம். ஊருக்குள் ஏதாவது மாநில நெடுஞ்சாலை வந்து பழைய ரோட்டில் சேர்கிறதா? அது எந்த முனை வழியாகப் புறவழிச்சாலையைத் தொடுகிறதோ அந்தத் துண்டு பிரைமரி, ஏனென்றால் மாநில நெடுஞ்சாலை நடு ஊரில் அறுந்து நிற்கக் கூடாது. மீதித் துண்டு செகண்டரி. சேரவில்லை என்றால் முழுவதும் செகண்டரி போதும்.

தெருப்பலகை:
பெயர் விஷயம் மட்டும் சொல்கிறேன். பலகையில் இருப்பதுதான் முதல் பெயர். தமிழ்நாட்டுத் தரவில் பெரும்பாலும் நேம் என்பதில் ஆங்கில எழுத்தும், தமிழுக்கென்று உள்ள தனி நேம் டேகில் தமிழும் இருக்கின்றன. உங்கள் ஊரில் மற்ற தெருக்கள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே தொடருங்கள். இரண்டு மொழியையும் சாய்கோடு போட்டு ஒரே நேமில் திணிப்பது பலருக்குப் பழக்கம். தேடும்போதும் வராது, ஆப் வாய்விட்டுப் படிக்கும்போதும் உளறும். காந்தி ரோடு நேமில், கடைவீதி ஆல்ட்_நேமில் (மாற்றுப் பெயர்). கடைவீதியை விட்டுவிடாதீர்கள், வழி கேட்பவர்கள் அதைத்தான் தட்டுவார்கள்.

சென்னையில் அண்ணா சாலைக்கு ஓல்ட்_நேம் மவுண்ட் ரோடு. ராஜீவ் காந்தி சாலைக்கு ஆல்ட்_நேம் ஓல்ட் மகாபலிபுரம் ரோடு, ஷார்ட்_நேம் ஓஎம்ஆர். எண்களிலும் இதே கதை: 2010 மறு எண்ணிடலில் சென்னை–திருச்சி பழைய தேசிய நெடுஞ்சாலை 45 சிதறிவிட்டது. திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, பிறகு திருச்சி வரை 38. கடைப் பலகைகளில் இன்னும் 45 இருக்கிறது என்பதற்காக அதை ரெஃபில் போடுகிறார்கள். அதன் இடம் ஓல்ட்_ரெஃப்.

பலகையில் 'கு.தெரு' என்று இருந்தால் 'குறுக்குத் தெரு' என்று விரித்து எழுதுங்கள். ஆட்களின் தலைப்பெழுத்துகளை விரிக்க வேண்டாம். சாதிப் பெயர் நீக்கப்பட்ட தெருக்களில், பலகை மாறியதும் நேமை மாற்றி, பழையதை ஓல்ட்_நேமில் வையுங்கள், தபால் இன்னும் அந்தப் பெயரில் வரும். 'கோயிலுக்குப் போகும் வழி' போன்றது பெயரே அல்ல. பெயரில்லாத தெருவுக்கு நோநேம்=யெஸ் போட்டால் அடுத்தவர் தேடி அலைய மாட்டார்.

கூகுள் மேப்ஸைப் பார்த்துப் பெயர் எழுதவே கூடாது. உரிமம் இடம் தராது, தெரிந்தால் மொத்தத் திருத்தத்தையும் நீக்குவார்கள்.

காவிரிக்கரை:
நன்றி. மாநில நெடுஞ்சாலை பேருந்து நிலையம் அருகே சேர்கிறது, ஆக கிழக்குத் துண்டு பிரைமரி. சர்வீஸ் ரோடும் சிமெண்ட் ரோடும்?

மைல்கல்:
நாம் பேச்சில் சொல்லும் சர்வீஸ் ரோடு வேறு, ஹைவே=சர்வீஸ் வேறு. பின்னது பெட்ரோல் பங்க், ஆலை வளாகம், வண்டி நிறுத்துமிடம் போன்றவற்றின் உள்வழிக்கு. நெடுஞ்சாலைப் பக்கத்தில் ஓடி, கிராம ரோடுகளைச் சேர்ப்பது அன்கிளாசிஃபைட். பேருந்து போகும் அளவுக்கு இருந்தால் டெர்ஷியரி. கூடவே ஃப்ரண்டேஜ்_ரோடு=யெஸ். ஒருவழிப் பலகை இருந்தால் ஒன்வே போடுங்கள், எதிரே வண்டிகள் வருகின்றன என்பது கணக்கில் வராது. பிரதான ரோட்டுக்கு ஏறி இறங்கும் சரிவுக்கு மட்டும் டிரங்க்_லிங்க்.

டிராக் என்றால் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வயலுக்குப் போகும் பாதை. அதன் கடைசியில் பத்து வீடு இருந்தாலும் அது அன்கிளாசிஃபைட், மண்ணாக இருந்தாலும் சரி. தரை எப்படி என்பதை சர்ஃபேஸில் சொல்லுங்கள்: கான்கிரீட், ஆஸ்ஃபால்ட், கிரவல், டர்ட். ஓஎஸ்ஆர்எம் கார் கணக்கில் டிராக் சேரவே சேராது. ஒரு குக்கிராமத்தின் ஒரே வழி டிராக் என்று கிடந்தால், ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் ஆப் மெயின் ரோட்டிலேயே 'வந்துவிட்டது' என்று நின்றுவிடும். மாறாக, வெறும் களத்துமேட்டில் முடியும் சிமெண்ட் ரோடு டிராக்காகவே இருக்கட்டும், சர்ஃபேஸ் மட்டும் சேருங்கள்.

கார் நுழையாத சந்துகளுக்கு அகலம் மட்டும் எழுதினால் பல ஆப்கள் மதிக்காது. மோட்டார்கார்=நோ என்று சேருங்கள், பைக்குக்கு வழி தடைபடாது.

பழையபாதை:
ரோட்டை வெட்டும்போது திருப்பத் தடை ரிலேஷன்கள் ('இங்கே திரும்பக் கூடாது' என்ற பதிவுகள்) உடைகின்றனவா என்று ஜோசம் என்ற வரைபடத் திருத்த மென்பொருளில் சரிபார்த்துவிட்டுப் பதிவேற்றுங்கள். புறவழிச்சாலை ஒரு திருத்தத் தொகுப்பு, தெருப் பெயர்கள் இன்னொன்று என்று பிரித்துப் போட்டால், ஒன்றில் தவறு வந்தாலும் மற்றது தப்பும். ஆப்பில் உடனே தெரியாது, ஆஃப்லைன் வரைபடத்தின் அடுத்த பதிப்பை இறக்கிய பிறகு சோதியுங்கள்.