ப்ரோ மோட் உங்களுக்கு எங்கே கைகொடுத்தது? அனுபவத்தை எழுதுங்கள்

போன் கேமராவில், அமைப்புகளை நாமே கையால் வைத்துக்கொள்ளும் ப்ரோ மோட் என்று ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதை எந்த நேரத்தில் திறக்க வேண்டும் என்பதில்தான் குழப்பம். உங்களுக்கு அது உண்மையிலேயே உதவிய இடத்தைச் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்.

என் அக்கா மகள் பரதநாட்டியம் ஆடுகிறாள். சபாவோ கோயில் மண்டபமோ, எங்கே ஆடினாலும் படம் எடுப்பது என் பொறுப்பு. எல்லாவற்றையும் போனே முடிவுசெய்யும் ஆட்டோ மோடில் எடுத்தால் இரண்டு தொல்லை. பின்னால் கறுப்புத் திரை தொங்கினால், அந்த இருட்டைப் பார்த்துவிட்டுப் போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முகம் வெளுத்து, நெற்றிச்சுட்டியும் கண் மையும் கரைந்துபோகும். இன்னொன்று, படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும் நிழல்.

இந்தப் பட்டை ஏன் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு ஷட்டர் என்றால் என்னவென்றே புரிந்தது. சென்சார் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் நேரம்தான் அது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. போனின் சென்சார் படத்தை ஒரே வீச்சில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. ஷட்டர் 1/250 நொடி என்றால் சில வரிசைக்கு விளக்கு பிரகாசமாக இருக்கும்போதும், சில வரிசைக்கு மங்கும்போதும் முறை வரும். ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் நிறுத்திவிட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் முழுத் துடிப்பு கிடைத்துவிடும். பட்டை போய்விடும். மேடைக்குப் பின்னால் வைக்கும் பெரிய எல்இடி திரைகள் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. அவற்றின் துடிப்பு வேறு. ஷட்டரைக் கொஞ்சம் அப்படி இப்படித் தள்ளிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஷட்டரை நிறுத்திய பிறகு மிச்சம் ஐஎஸ்ஓ மட்டும்தான், அதாவது கிடைத்த வெளிச்சத்தைப் போன் எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற எண். பெரும்பாலான போன்களில் லென்ஸின் திறப்பு மாறாது, அதனால் கணக்கு சுலபம். முகத்தை மட்டும் பார்த்து வைப்பேன், வழக்கமாக 200க்கும் 400க்கும் நடுவில். பின்னால் தொங்கும் திரை கும்மிருட்டானால் ஆகட்டும்.

1/100இல் வேகமான அடவு (ஆட்ட அசைவு) கலங்கும், உண்மைதான். அதற்கு நேரம் பார்த்து எடுக்க வேண்டும். ஆட்டத்தின் ஒரு பகுதியை முடித்துவைக்கும் தீர்மானத்தில் "ததிங்கிணதொம்" மூன்று முறை வரும் அல்லவா? இரண்டாவது முறை கேட்கும்போதே விரல் பட்டன்மேல் இருக்க வேண்டும். மூன்றாவது முடிந்து அவள் நிற்கும்போது கை விரல்கூட அசையாது. சலங்கை மணிகளைத் தனித்தனியாக எண்ணலாம்.

*

அண்ணா, நாங்கள் டொராண்டோவில் இருக்கிறோம். இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நீங்கள் சொன்ன 1/100 வைத்தால் பட்டை வரும். இந்தப் பக்கம் இருப்பவர்கள் 1/60 அல்லது 1/120 வையுங்கள். தமிழ்ப் பள்ளி விழாவுக்கு எல்லாம் அதுதான் வைக்கிறேன், தொல்லையே இல்லை.

*

நான் காஞ்சிபுரம். வீட்டிலிருந்தே பட்டுப்புடவை விற்கிறேன், எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். எனக்கு ஷட்டரும் வேண்டாம் ஐஎஸ்ஓவும் வேண்டாம், விளக்கின் சாயலைக் கழித்து நிறத்தைச் சரியாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் ஒன்று போதும்.

அரக்குப் புடவையைப் படம் எடுத்து அனுப்பினால் "என்ன அக்கா, தக்காளிச் சிவப்பு மாதிரி இருக்கு" என்பார்கள். எம்எஸ் ப்ளூ வெறும் நீலமாகிவிடும், அதில் ஓடுகிற பச்சைச் சாயல் காணாமல் போய்விடும். வாடாமல்லி நிறத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பார்சல் போய்ச் சேர்ந்து, பிரித்துப் பார்த்து, "போட்டோல வேற கலர்" என்று திரும்பி வந்தால் எனக்கு இரண்டு பக்கக் கூரியர் செலவு.

படம் முழுக்க ஒரே நிறம் நிரம்பினால் போனுக்கு அது புடவையின் நிறமா, விளக்கின் நிறமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. விளக்கின் சாயல் என்று நினைத்து அதைக் குறைக்கப் பார்க்கும். முந்தானையை எடுக்கும்போது ஒரு நிறம், உடலை எடுக்கும்போது இன்னொரு நிறம் என்று வருவது இதனால்தான்.

இப்போது என் முறை இது. ஜன்னல் ஓரம், வெயில் நேராக விழாத இடம். டியூப் லைட்டை அணைத்துவிடுவேன். இரண்டு வெளிச்சம் கலந்தால் எந்த அமைப்பும் சரிவராது. புடவைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ப்ரோ மோடில் ஒயிட் பேலன்ஸுக்கான கெல்வின் அளவைத் தள்ளிக்கொண்டே வந்து, தாள் மஞ்சளும் இல்லாமல் நீலமும் இல்லாமல் தெரிகிற இடத்தில் நிறுத்துவேன். என் ஜன்னலில் அது 5500க்கும் 6500க்கும் நடுவில் வரும், மேகம் மூடிய நாளில் கொஞ்சம் மேலே. எண் கூடக் கூடப் படம் மஞ்சளாகும். அப்புறம் அன்றைக்கு எடுக்கிற எல்லாப் புடவைக்கும் அதே எண்தான், தொடமாட்டேன்.

புடவை விற்கிற பெண்களுக்கு இன்னொன்று. போன் திரையில் கண்ணுக்கு இதமான மஞ்சள் வெளிச்சம் போடுகிற வசதி இருக்குமே, படம் எடுக்கும் முன் அதை அணைத்துவிடுங்கள். திரையையும் விவிட் இல்லாமல் நேச்சுரலில் வையுங்கள். திரையே பொய் சொன்னால் நீங்கள் எதைப் பார்த்து நிறம் சரிசெய்வீர்கள்?

*

ஐபோன் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். அதன் சொந்தக் கேமரா ஆப்பில் ஷட்டர், ஐஎஸ்ஓ இரண்டையும் நம் கையில் கொடுப்பதில்லை. வேறு ஆப் போட்டால் கிடைக்கும், 2014இல் வந்த ஐஓஎஸ் 8 முதலே அதற்கு வழி உண்டு. ஆப் வேண்டாம் என்றால் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் இருட்டாகும். மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிக் குவியலை இப்படித்தான் எடுக்கிறேன். ஆட்டோவில் மல்லி சாம்பல் நிறத்தில் வரும், சூரியனைக் கொஞ்சம் மேலே தள்ளினால் வெள்ளை வெள்ளையாகிறது. காரிக் காளை என்றால் நேர் எதிர், கீழே தள்ளுங்கள். ஏனென்றால் போனுக்கு எல்லாமே நடுத்தர வெளிச்சத்தில் இருக்க வேண்டும், வெள்ளையையும் இழுக்கும் கறுப்பையும் இழுக்கும்.

*

தம்பி, திருவண்ணாமலையிலிருந்து எழுதுகிறேன். கார்த்திகை தீபம் எடுப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

மாலை 6 மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏற்றுவார்கள். அப்போது சூரியன் இறங்கியிருக்கும், வானத்தில் நீலம் மிச்சம் இருக்கும். அந்த நீலம் இருக்கும்வரைதான் மலையின் விளிம்பு படத்தில் தெரியும். அப்புறம் தீபம் மட்டும் கறுப்பில் ஒரு புள்ளி. ஆகவே எல்லாவற்றையும் ஐந்தரை மணிக்கே அமைத்து வைத்துவிடுவேன்.

முதல் வேலை ஃபோகஸ். மேனுவலில், தொலைவைக் குறிக்கும் மலைச் சின்னம் வரை தள்ளி, மலை விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்து, கூர்மையாகத் தெரிகிற இடத்தில் விட்டுவிட வேண்டும். இருட்டியதும் ஆட்டோ ஃபோகஸ் முன்னால் நிற்பவரின் தலையைப் பிடிக்கும், இல்லையென்றால் எதையும் பிடிக்காமல் அலையும். அடுத்தது லென்ஸ். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் ஆட்டோவில், தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸை விட்டுவிட்டு, மெயின் கேமரா படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் கொடுக்கும். ப்ரோ மோடில் டெலியைத் தேர்ந்தெடுத்தால் பல போன்களில் டெலிதான் எடுக்கும். டெலி லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள், திரை இருண்டால் சரி.

சிறிய முக்காலி, ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/60இல் தொடங்குவேன். நீலம் குறையக் குறைய 1/30, 1/15 என்று இறங்குவேன். சுடர் வெறும் வெள்ளைக் கட்டியாகத் தெரிந்தால் ஒரு படி திரும்பி வந்துவிடுவேன்.

வீட்டு வாசலில் அகல் வரிசைக்கு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 போதும், சுடரின் உருவம் அப்படியே வரும். விளக்கு ஏற்றுகிற பேத்தியின் முகமும் வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 400, 1/30. சுடர் கொஞ்சம் எரிந்துபோகும், முகத்துக்காக அதை விட்டுக்கொடுக்கலாம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், அகல் வெளிச்சத்தின் பொன்னிறத்தை அது கழுவிவிடும். 4000 பக்கம் வைத்துப் பாருங்கள்.

*

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் ப்ரோ மோட் போடுவார்கள். கையில் பிடித்து எடுக்கிற ராத்திரிப் படத்துக்கு நைட் மோடே மேல். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது, புள்ளி புள்ளியான இரைச்சல் குறைகிறது. நிறைய போன்களில் ப்ரோ மோடுக்குப் போனதும் அந்தச் சேர்ப்பு நின்றுவிடும்.

குற்றாலத்தில் தண்ணீரைப் பட்டு போல எடுக்க வேண்டும் என்று பட்டப்பகலில் 1/4 நொடி வைப்பவர்களைப் பார்க்கிறேன். ஐஎஸ்ஓவை அடிமட்டத்துக்கு இறக்கினாலும் படம் முழுக்க வெள்ளைதான் வரும், லென்ஸின் திறப்பைச் சுருக்க வழி இல்லையே. வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸின் முன்னால் மாட்டுகிற கறுப்பு என்டி ஃபில்டர் வேண்டும், இல்லாவிட்டால் பொழுது சாயும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்தருவியில் மரநிழல் இருப்பதால் மாலையில் கொஞ்சம் சீக்கிரமே எடுக்கலாம். முக்காலி கட்டாயம், டைமரை 2 நொடியில் வையுங்கள், சாரல் லென்ஸில் விழும், துடைக்க ஒரு பருத்தித் துணி கையில் இருக்கட்டும்.