போனஸ் சுற்று வந்தாலே பிரவுசர் மூடிக்கொள்கிறது: குறை போனிலா, தளத்திலா, ஆட்டத்திலா?

ஈஸ்ட்ஹாம்வாசி

வணக்கம். லண்டனில் இருக்கிறேன். இங்கே சூதாட்ட ஆணையத்தின் உரிமம் பெற்ற ஒரு தளத்தில், வார இறுதியில் சிறு தொகை வைத்து, சின்னங்கள் சுழன்று நிற்கும் ஸ்லாட் சூதாட்டம் விளையாடுவது உண்டு. செயலி எதுவும் இறக்கவில்லை; எல்லாம் போன் பிரவுசரில்தான். சாதாரணச் சுற்றுகள் ஒழுங்காக ஓடுகின்றன. கூடுதல் பரிசு தரும் போனஸ் சுற்று தொடங்கி எண்கள் ஏறும் நேரத்தில்தான் பக்கம் நின்றுவிடுகிறது. மறுபடி திறந்தால் இருப்புத்தொகை மாறியிருக்கிறது, ஆனால் இடையில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. ஆண்ட்ராய்டு போன், 4 ஜிபி ரேம். கேச் அழித்தாயிற்று, பிரவுசரும் மாற்றியாயிற்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்பேசிக்கடை

தம்பி, கேச்சை மட்டும் அழித்தால் போதாது. பின்னணியில் ஓடும் செயலிகளை மூடுங்கள், போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், பிரவுசரையும், செயலிகளுக்குள் வலைப்பக்கங்களைக் காட்டும் வெப்வியூவையும் பிளே ஸ்டோரில் புதுப்பியுங்கள். 2021 மார்ச்சில் வெப்வியூவின் ஒரு கோளாறான பதிப்பு வந்து உலகம் முழுவதும் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்த உடனே மூடிக்கொண்டது நினைவிருக்கும். குரோமையும் வெப்வியூவையும் புதுப்பித்த பிறகுதான் அடங்கியது. இதையெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் அந்தத் தளமே, செயலியை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்பு தருகிறதா பாருங்கள். செயலியாக ஓடினால் இந்தத் தொல்லை குறையும்.

நிழற்குடை

நீங்கள் எல்லோரும் போனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். கேள்வி கேட்டவரின் வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். சாதாரணச் சுற்றில் நிற்பதில்லை, போனஸில் மட்டும் நிற்கிறது. தோற்கும்போது ஒருநாளும் நிற்காத பிரவுசர், ஜெயிக்கும்போது மட்டும் நிற்பானேன்? இதற்கு ரேம் கணக்கு எதற்கு?

திரைக்குப்பின்

நான் பிரவுசர் விளையாட்டுகள் செய்யும் நிறுவனங்களில் முன்பக்க நிரல் எழுதியவன். நிழற்குடை கவனித்த விஷயம் சரி. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் தவறு. போனஸில் மட்டும் நிற்பதற்குக் காரணம், இருப்பதிலேயே கனமான பகுதி போனஸ்தான் என்பது.

ஒரு கணக்கு போடுகிறேன். 2048க்கு 2048 புள்ளி கொண்ட ஒரு படம் உங்கள் டேட்டாவில் சில நூறு கேபி அளவில்கூட வந்து சேரலாம். ஆனால் திரையில் வரைய வேண்டுமானால் சுருக்கத்தைப் பிரித்தாக வேண்டும். புள்ளிக்கு 4 பைட் வீதம் அது 16 எம்பி. போனஸ் சுற்றுக்குப் புதுப் பின்னணி, புதுச் சின்னங்கள், காசு மழை, வெடிக்கும் நட்சத்திரம் என்று இப்படிப்பட்ட படங்கள் பத்து சேர்ந்தால் 160 எம்பி. பின்னணி இசை ஒரு நிமிடம் என்று வையுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ, பிரித்த பிறகு 23 எம்பி. சாதாரணச் சுற்றின் படங்களையும் விடுவிக்காமல் இவற்றை மேலே ஏற்றுவார்கள், திரும்பி வரும்போது தாமதம் இருக்கக்கூடாது என்பதற்காக. 4 ஜிபி ரேம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பெரும்பங்கை ஆண்ட்ராய்டும் போன் நிறுவனம் திணித்த செயலிகளும் எடுத்துக்கொள்கின்றன. நினைவகம் தீரும்போது எந்த வேலையை நிறுத்தலாம் என்று பார்த்துக் கொல்வதற்கே ஆண்ட்ராய்டில் ஒரு காவலாளி இருக்கிறது. அது பின்னணிச் செயலிகளில் தொடங்கும். போதாவிட்டால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் தாவலுக்கும் வரும். ஐபோனிலும் ஒரு பக்கத்துக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு உண்டு. தாண்டினால் பக்கம் தானாக மறுபடி ஏறும்.

தோற்கும்போது திரையில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. அதனால்தான் தோற்கும்போது நிற்பதில்லை.

இன்னொன்று: சுற்றின் முடிவு போனில் தீர்மானமாவதில்லை. நீங்கள் பொத்தானை அழுத்திய உடனே சர்வரில் எண் விழுந்துவிட்டது. அடுத்து வரும் சுழற்சியும் பட்டாசும் அந்த முடிவை அறிவிக்கும் படக்காட்சி. படம் நின்றுபோனால் முடிவு மாறாது. இருப்புத்தொகை மாறியிருந்ததாக அவரே சொல்கிறாரே.

செல்பேசிக்கடை அண்ணா, வெப்வியூ பற்றிச் சொன்னது சரி. ஏபிகே யோசனையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

செல்பேசிக்கடை

ஏன் திரும்பப் பெற வேண்டும்? என் கடைக்கு வருகிறவர்களில் பலர் அப்படித்தான் போட்டுக்கொள்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை.

திரைக்குப்பின்

ஒன்றும் ஆகவில்லை என்று யார் பார்த்தது? பிரவுசரில் ஓடும் பக்கத்தால் உங்கள் குறுஞ்செய்தியைப் படிக்க முடியாது, மற்றச் செயலியின் திரையைப் பார்க்க முடியாது. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வந்த ஏபிகே, குறுஞ்செய்தி அனுமதியும், திரையைப் படிக்க விடும் அணுகல்தன்மை அனுமதியும் கேட்டு வாங்கிவிட்டால் வங்கியின் ஓடிபி வரை அதன் கைக்குப் போய்விடும். பிரவுசர் நிற்பது ஒரு தொல்லை, அவ்வளவுதான். அதைச் சரிசெய்யப் போய் வங்கிக் கணக்கின் கதவைத் திறந்துவைக்கச் சொல்கிறீர்கள்.

மலைக்கோட்டை

உங்கள் தொழில்நுட்பச் சண்டையை நிறுத்திவிட்டு ஒன்றைக் கேளுங்கள். கேட்டவர் லண்டனில் இருக்கலாம். இதைப் படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டுத் தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டப்படி, விளையாடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்ததே தவிர, அதிர்ஷ்ட விளையாட்டுகளுக்கான தடையைத் தொடவில்லை. ஸ்லாட் சுத்தமான அதிர்ஷ்ட விளையாட்டு. அதன் பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த நிலையில் "பிரவுசர் நிற்காமல் ஆடுவது எப்படி" என்று நாம் தமிழில் வகுப்பு எடுப்பது சரியா?

ஈஸ்ட்ஹாம்வாசி

ஐயா, நான் இருக்கும் நாட்டில் இது சட்டப்படி நடப்பது. கேட்டதும் பிரவுசர் பற்றித்தான்.

மலைக்கோட்டை

உங்களைக் குறை சொல்லவில்லை. பதில் சொல்கிறவர்களைத்தான் கேட்கிறேன். பதில் உங்களோடு நின்றுவிடாது.

திரைக்குப்பின்

நான் சொன்னதில் எது சூதாட்டத்துக்கு மட்டும் உரியது? படம் நினைவகத்தைத் தின்பது குழந்தைகள் ஆடும் புதிர் விளையாட்டிலும் நடக்கும், வரைபடத் தளத்திலும் நடக்கும். பக்கம் ஏன் நிற்கிறது என்று தெரியாத ஒருவர்தான் "ஜெயிக்கும்போது நிறுத்திவிட்டான், அடுத்த முறை விடமாட்டேன்" என்று மறுபடி பணம் போடுகிறார். தெரிந்தவருக்கு அந்த ஏக்கமாவது மிஞ்சாது. நான் விளக்குவது அதற்காகவும்தான்.

நிழற்குடை

சரி, உரிமம் உள்ள தளத்தை விடுவோம். கடல் கடந்து எங்கோ ஒரு தீவின் பெயரைப் போட்டு நடக்கும் தளங்களில் சர்வரும் அவனுடையது, எண் போடும் நிரலும் அவனுடையது. அங்கே வேண்டுமென்றே நிறுத்துவதில்லை என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா?

திரைக்குப்பின்

உறுதி சொல்லமாட்டேன். ஆனால் யோசியுங்கள். எண்ணே அவன் கையில் இருக்கும்போது, போனஸை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் பயந்துபோய் பிரவுசரை நிறுத்துவானா? கொடுக்காமலே விடலாம். அதைவிட எளிது, திரையில் லட்சங்களைக் காட்டிவிட்டுப் பணம் எடுக்கப் போகும்போது "முதலில் வரி கட்டுங்கள், சரிபார்ப்புக் கட்டணம் கட்டுங்கள்" என்று இழுத்தடிப்பது. ஏமாற்றுகிறவனுக்குப் பிரவுசர் நன்றாக ஓடுவதுதான் லாபம். நின்றால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

அஞ்சறைப்பெட்டி

கடைசி வாக்கியத்துக்காகத்தான் எழுத வந்தேன். எங்கள் வீட்டில் அப்படி எழுந்து போவது நடக்கவில்லை. பக்கம் நின்றால் என் வீட்டுக்காரர் இன்னும் வேகமாகத் திறப்பார். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியோடு போன் மீது வரும் கோபமும் சேர்ந்துகொள்ளும். புதுப் போன் வாங்கியதும் அதற்காகத்தான் என்று பிறகு தெரிந்தது. 8 ஜிபி ரேம். நிற்கவே இல்லை. அதற்கு அடுத்த மாதம்தான் நகை போனது.

நீங்கள் சொல்லும் 16 எம்பி கணக்கு எனக்குப் புரிகிறது, தவறு என்று சொல்லவில்லை. ஆனால் "இப்படிச் செய்தால் நிற்காது" என்று எழுதும் ஒவ்வொருவரும் ஒருமுறை யோசியுங்கள். நிற்பது பழுது என்று நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் முடிவுசெய்துவிட்டீர்கள். என் வீட்டில் பழுது அது இல்லை.

மலைக்கோட்டை

அம்மா, இதைத்தான் சட்டப் பிரிவுகளை அடுக்கி நான் சொல்லப் பார்த்தேன். உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது உதவி கிடைக்கிறதா? 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஏதாவது தளத்தில் பணத்தை மோசடியாக எடுத்திருந்தால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழைக்க வேண்டும். தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினம்.

அஞ்சறைப்பெட்டி

அவர் மருத்துவரிடம் போகிறார். எண்களுக்கு நன்றி.

ஈஸ்ட்ஹாம்வாசி

சகோதரி எழுதியதைப் படித்தேன். என் நிலை அதுவல்ல என்று இப்போது சொன்னால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பீர்கள். அதனால் சொல்லவில்லை. இங்கே கேம்ஸ்டாப் என்று ஒன்று இருக்கிறது. அதில் பதிவு செய்தால் உரிமம் பெற்ற இணையத் தளங்கள் அனைத்தும் ஆறு மாதமோ, ஓராண்டோ, ஐந்தாண்டோ நம்மை உள்ளே விடக்கூடாது. அதைப் பற்றி வீட்டில் பேசுகிறேன்.

ஆனால் நடந்த சுற்றின் பணம் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது. பக்கம் நின்றபோது திரை மட்டும் கறுத்தது, இசை தொடர்ந்து கேட்டது. இது எதையாவது காட்டுகிறதா?

திரைக்குப்பின்

நிறையவே காட்டுகிறது. முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய தகவல் இது. "நிற்பது" என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே நோய் அல்ல. பக்கம் மட்டும் தானாக மறுபடி ஏறினால் பெரும்பாலும் நினைவகம். பிரவுசரே மூடிப் போனின் முகப்புக்கு வந்துவிட்டால் பிரவுசர் பதிப்பையும் வெப்வியூவையும் சந்தேகிக்கலாம். திரை கறுத்து இசை ஓடினால், பக்கம் உயிரோடு இருக்கிறது, வரையும் சில்லோடு இருந்த தொடர்புதான் அறுந்தது. பிரவுசர் அந்தச் சில்லைக் கொண்டு படம் வரையும் வெப்ஜிஎல் என்ற முறையில் இப்படி அறுவது எதிர்பார்க்கப்பட்ட நிகழ்வு. அறுந்ததும் பக்கத்துக்கு அறிவிப்பு வரும். படங்களை மறுபடி ஏற்றிக்கொண்டு தொடர்வது நிரல் எழுதியவரின் பொறுப்பு. பலர் எழுதுவதில்லை. ஆக இந்த விஷயத்தில் உங்கள் போனின் பங்கு பாதி, அந்த விளையாட்டைச் செய்தவர்களின் சோம்பல் பாதி. கேச் அழித்தால் இதில் எதுவும் மாறாது. அழித்த படங்களை மறுபடி இறக்க டேட்டா செலவாகும், அவ்வளவே.

பிரவுசரை மாற்றியதாகச் சொன்னீர்கள். குரோம், எட்ஜ், பிரேவ், சாம்சங் இன்டர்நெட் எல்லாவற்றின் உள்ளேயும் பக்கத்தைக் காட்டும் என்ஜினாக ஓடுவது குரோமியம்தான். உண்மையான சோதனை வேண்டுமானால் பயர்பாக்ஸில் பாருங்கள், அதன் என்ஜின் வேறு. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனையும் இல்லை, அங்கே பொதுவாக எல்லாப் பிரவுசரிலும் ஆப்பிளின் என்ஜின்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் வேறு என்ஜினுக்கு ஆப்பிள் வழிவிட்டது, ஆனால் பிரிட்டன் அந்த ஒன்றியத்தில் இல்லை. டெலிகிராமுக்குள்ளோ முகநூலுக்குள்ளோ வந்த இணைப்பைத் தொட்டு அங்கேயே பக்கத்தைத் திறக்காதீர்கள். பவர் சேவர் ஓடும்போதும் வேண்டாம்.

நிழற்குடை

பணம்?

திரைக்குப்பின்

வருகிறேன். பிரிட்டன் ஆணையத்தின் தொழில்நுட்பத் தரவிதிகளில் இடையில் அறுபட்ட ஆட்டத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, பத்தாவது. அறுபடும் ஆட்டத்தை நியாயமாகக் கையாள வேண்டும், அது எப்போதும் வாடிக்கையாளருக்கே பாதகமாக முடியும்படி அமைக்கக்கூடாது என்பது அதன் சாரம். அதனால் முதலில் கணக்கில் விளையாட்டு வரலாறு பக்கத்தைத் திறந்து அந்தச் சுற்றின் எண்ணையும் நேரத்தையும் எடுங்கள். பந்தயம் எவ்வளவு, வரவு எவ்வளவு என்று இருக்கும். திரையில் பாதி ஏறிய எண்ணை நினைவில் வைத்து வாதிடாதீர்கள், அது செல்லாது. வரலாற்றில் உள்ளதும் இருப்பில் ஏறியதும் பொருந்தவில்லை என்றால் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்துக்குள் தீரவில்லை என்றால், ஐபாஸ் போல அந்தத் தளம் அறிவித்திருக்கும் சமரச அமைப்புக்குப் போகலாம், உங்களுக்குச் செலவு இல்லை.

மலைக்கோட்டை

கவனிக்கிறீர்களா, வரலாறு, தரவிதி, புகார், சமரசம் என்று இவர் அடுக்குவதில் ஒன்றுகூட இங்கே படிக்கிறவருக்குக் கிடையாது. தடைசெய்த ஆட்டத்தில் போன பணத்துக்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பார்?

திரைக்குப்பின்

கிடையாதுதான். அதை மறுக்கவில்லை.

செல்பேசிக்கடை

ஏபிகே பற்றி எழுதியதை நீக்கச் சொல்லி இந்த மன்றத்தின் நடத்துநரிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒன்று: கடைக்கு வந்து "அண்ணா, இந்த விளையாட்டு நிற்கிறது" என்று போனை நீட்டுகிறவரிடம் சட்டமா பேச முடியும்? பழுது பார்ப்பது என் தொழில்.

அஞ்சறைப்பெட்டி

சட்டம் பேச வேண்டாம். அடுத்த முறை ரேம் அதிகமுள்ள போனை எடுத்துக் காட்டுவதற்கு முன் எதற்காக என்று மட்டும் கேளுங்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி

வரலாறு பக்கத்தைப் பார்த்தேன். நான்கு சுற்றுகள் நின்றபோது நடந்தவை. மூன்றில் வரவு பொருந்துகிறது. ஒன்றில் "முடிவடையவில்லை" என்று இருக்கிறது. அதற்கு மட்டும் சுற்று எண்ணைப் போட்டுப் புகார் அனுப்பியிருக்கிறேன். பயர்பாக்ஸ் சோதனை செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை.