மூன்று பேர், மூன்று சைக்கிள், ஒரு கார்: எதை வாங்குவது?

அஸ்தம்பட்டி அப்பா (கேள்வி)

வணக்கம். நான், மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் என நாங்கள் மூன்று பேர். எங்கள் இருவருடைய சைக்கிள்களும் 29 அங்குலச் சக்கரம் கொண்டவை, மகளுடையது 24 அங்குலம். மாதம் இரண்டு ஞாயிறாவது சேலத்திலிருந்து விடியும் முன் கிளம்பிக் காரவள்ளிக்குப் போய்விடுவோம். அங்கே காரை நிறுத்திவிட்டு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வெயில் ஏறும் வரை முடிந்த அளவு மிதிப்போம். மகள் இதுவரை 22ஆவது வளைவைத் தொட்டிருக்கிறாள்.

இப்போதிருப்பது சிறிய செடான். டிக்கியின் மேல் பட்டைகளால் இழுத்துக் கட்டும் கேரியரில்தான் சைக்கிள்களை ஏற்றி வந்தோம். போன மாதம் ராசிபுரம் தாண்டி ஒரு வேகத்தடையில் மேல்பட்டை நழுவிவிட்டது. மூன்று சைக்கிளும் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியிருக்கின்றன. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் விடாமல் ஹாரன் அடித்ததால்தான் தெரிந்தது. இறங்கிப் பார்த்தபோது மகளின் சைக்கிள் டயர் சாலையில் உரசி, ஒரு கையகலத்துக்குப் பூவே இல்லாமல் வழவழவென்று தேய்ந்திருந்தது. தொட்டால் இன்னும் சூடு. பின்னால் லாரிக்குப் பதில் ஒரு இருசக்கர வண்டி நெருக்கி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு நான் தூங்கவில்லை. நம்பர் பிளேட் மறைகிறது என்று அதற்கு முன்பே ஒருமுறை போலீஸார் நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான்.

வேறு கார் வாங்கப் போகிறோம். பெட்ரோல், 12 லட்சத்துக்குள். மூவரும் உட்கார வேண்டும், மூன்று சைக்கிளும் வர வேண்டும். சிறிய எஸ்.யூ.வி. ஒன்றில் டிக்கி 400 லிட்டர் என்கிறார்கள். போதுமா? அல்லது கூரைமேல் கேரியர் வைத்துக்கொள்ளலாமா?

திருச்செங்கோடு

முதலில் லிட்டரை மறந்துவிடுங்கள். பின்னிருக்கை நிமிர்ந்திருக்கும்போது டிக்கி எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கு அது. பெட்டி அடுக்க உதவும், சைக்கிளுக்கு உதவாது. நீங்கள் பார்க்க வேண்டியது பின்கதவைத் திறந்தால் கிடைக்கும் வாயின் அகலமும் உயரமும், இருக்கையை மடித்த பிறகு தரை எவ்வளவு நீளம், அந்தத் தரை சமமாக இருக்கிறதா என்பவை. உங்கள் பெரிய சைக்கிள்கள் முழு நீளத்தில் 1.8 மீட்டருக்குப் பக்கம் வரும். முன் சக்கரத்தைக் கழற்றினால் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். எஸ்.யூ.வி.க்கள் பலவற்றில் பின்கண்ணாடி முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால் வெளியே தெரியும் உயரம் உள்ளே கிடைப்பதில்லை. டிக்கியின் விளிம்பும் இடுப்புயரத்துக்கு நிற்கும். சைக்கிளைத் தூக்கி உள்ளே விடும்போது உங்கள் முதுகுக்கு அது தெரியும். பின்கதவிலேயே ஸ்டெப்னி தொங்கும் வண்டிகள் இன்னும் சிரமம், அந்தக் கதவின் மேல் எந்தக் கேரியரும் ஒழுங்காக உட்காராது.

ஈரோட்டு வாசகி

கூரைக் கேரியர் பற்றி நான் சொல்கிறேன் அண்ணா, நான்கு ஆண்டு பயன்படுத்தியவள். சரியாகப் பூட்டினால் சைக்கிள் அசையாது, பின்பக்க விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையாது. ஆனால் உயரத்தைக் கணக்குப் பாருங்கள். மாருதியின் ஏழு இருக்கை எர்டிகாவை எடுத்துக்கொண்டால், அதன் உயரம் 1.69 மீட்டர். அதன்மேல் ஒரு மீட்டருக்கு மேல் சைக்கிள் நின்றால் மொத்தம் 2.7 மீட்டரைத் தாண்டுகிறது. பவானிசாகர் போய்விட்டுக் களைப்போடு திரும்பிய ஒரு மாலை, மேலே சைக்கிள் இருப்பதை மறந்து வீட்டு போர்ட்டிகோவுக்குள் காரை விட்டார் என் கணவர். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முறிந்தது, கூரையும் நசுங்கியது. கவனமான மனிதர் அவர். மனிதருக்கு மறதி வரும், பீம் நகராது. கேரியரின் எடையையும் சேர்த்துக் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

உங்களிடம் இருப்பவை மூன்று சைக்கிள்தான். உள்ளேயே வைக்கப் பாருங்கள்.

கோவை, ஏழு இருக்கைக்காரர்

உங்கள் தேவைக்கு ஏழு இருக்கை வண்டிதான். ஏழு பேரை ஏற்றுவதற்காக இல்லை, மூன்றாம் வரிசை மடிந்தால் கிடைக்கும் தரைக்காக. எர்டிகாவில் அந்த வரிசை தட்டையாக மடிகிறது, டிக்கி 209 லிட்டரிலிருந்து 550 ஆகும். ரெனோவின் டிரைபரும் ஏழு இருக்கைதான், அதில் கடைசி வரிசையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம், அப்போது 625. நீளமும் 4 மீட்டருக்குள் என்பதால் குறுகலான தெருவில் நிறுத்த எளிது. இன்னோவா கிரிஸ்டாவில் கடைசி வரிசை இரு பக்கமும் மேல்நோக்கி மடிந்து தொங்கும், ஹேண்டில்பார் நுழைய வேண்டிய அகலத்தை அது தின்றுவிடும்.

முக்கியமான ஒன்று: எர்டிகா எடுத்தால் சி.என்.ஜி. வேண்டாம். எரிவாயு சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொள்ளும்.

எதை வாங்கினாலும் சைக்கிள்களோடு ஷோரூமுக்குப் போங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். லட்சக்கணக்கில் கொடுக்கப் போவது நீங்கள்.

அஸ்தம்பட்டி அப்பா

சனிக்கிழமை போய்வந்தோம். மூன்று சைக்கிளையும் நண்பரின் சரக்கு வண்டியில் கொண்டுபோய் இரண்டு ஷோரூம்களிலும் ஏற்றிப் பார்த்தோம். ஊழியர்கள் பொறுமையாக உதவினார்கள், இருக்கைகளின்மேல் விரிக்கப் போர்வை கொண்டுவந்ததும் அவர்களே.

டிரைபரில் முன் சக்கரம் இல்லாத இரண்டு பெரிய சைக்கிள்கள் நன்றாகப் படுத்தன. மூன்றாவதை வைக்க மகளின் இருக்கையையும் மடிக்க வேண்டியிருந்தது. எர்டிகாவில் கடைசி வரிசையையும், நடு வரிசையில் அகலமான பாதியையும் மடித்தோம். மீதிப் பாதியில் மகள் உட்கார்ந்தாள். முன் சக்கரத்தை மட்டும் கழற்றியபோது ஹேண்டில்பார் அவள் தோளில் இடித்தது. இரண்டு சக்கரங்களையும் கழற்றியதும் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கிவிட்டன, சக்கரங்கள் ஓரமாக நின்றன. பெட்ரோல் எர்டிகாவையே பதிவு செய்துவிட்டோம்.

ஒரு கலக்கம் மட்டும். வீட்டுக்கு வந்து சக்கரங்களை மாட்டும்போது என் சைக்கிளின் முன் சக்கரம் பிரேக்குக்குள் நுழையவே இல்லை. உடைந்துவிட்டதா?

திருச்செங்கோடு

உடையவில்லை. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்தானே? சக்கரம் இல்லாத நேரத்தில் யாரோ பிரேக் பிடியை அழுத்தியிருக்கிறார்கள். நடுவில் டிஸ்க் இல்லாததால், அதைக் கவ்விப் பிடிக்கும் பேட்கள் இரண்டும் நெருங்கிக்கொண்டன. டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோலை நடுவே விட்டு மெதுவாக விலக்குங்கள். பேட்களில் எண்ணெய்க் கை படக்கூடாது. இனிமேல் சக்கரத்தைக் கழற்றியவுடன் அட்டையை மடித்து அந்த இடுக்கில் செருகிவிடுங்கள்.

பின் சக்கரத்தைக் கழற்றும் முன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள், கழற்றவும் மாட்டவும் சுலபம். படுக்க வைக்கும்போது செயின் பக்கம் எப்போதும் மேலே. இல்லாவிட்டால் கியர் மாற்றும் பகுதி அழுந்தி வளையும்.

ஈரோட்டு வாசகி

அண்ணா, கட்டாமல் ஏற்றாதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் உள்ளே கிடக்கும் சைக்கிள்கள் முன்னால் பாயும், பக்கத்தில் இருப்பது குழந்தை. மடித்த இருக்கைகளின் அடியிலும் டிக்கியின் ஓரத்திலும் வளையங்கள் இருக்கின்றனவா பாருங்கள், இரண்டு பட்டைகளைக் குறுக்காக இழுத்துக் கட்டிவிடலாம். சைக்கிள்களுக்கு நடுவே விரிக்கப் பவானி ஜமுக்காளம்தான் நல்லது. தடிமன் இருக்கிறது, நழுவாது, செயின் கறை பட்டாலும் துவைத்துக்கொள்ளலாம்.

அஸ்தம்பட்டி அப்பா

நீங்கள் சொன்னபடி பேட் விலகிவிட்டது, சக்கரம் உரசாமல் சுற்றுகிறது. மிக்க நன்றி. பிடியை அழுத்தியது மகள்தான், அவளிடம் காரணத்தையும் விளக்கிச் சொன்னேன். பழைய நோட்டு அட்டையை வெட்டி, மூன்று சைக்கிளுக்கும் துண்டுகளை அவளே செய்து நூலில் கோத்து வைத்திருக்கிறாள்.

வண்டி வர மூன்று வாரம் ஆகும். இரண்டு ஜமுக்காளம் வாங்கிவிட்டோம். மொட்டை மாடியில் எர்டிகாவின் தரை அளவுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, அதற்குள் மூன்றையும் அடுக்கிப் பழகுகிறோம். முதல் நாள் 40 நிமிடம் ஆனது, நேற்று 18.