மலை இறக்கத்தில் மைவியின் மூக்கு திரும்ப மாட்டேன் என்கிறது: பார் போடலாமா?

பாலிக் புலாவ் மிஸ்ஸி

எல்லோருக்கும் வணக்கம். காடி (கார்) விஷயத்தில் எனக்கு அதிகம் தெரியாது, தப்பாக எழுதினால் திருத்துங்கள்.

என்னுடையது 2012 பெரோடுவா மைவி, 1.5 லிட்டர், ஆட்டோ கியர். ஒரு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. வீடு பாலிக் புலாவில், வேலை ஆயர் ஈத்தாமில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில், மிஸ்ஸி, அதாவது நர்ஸ். ஆக தினமும் இரண்டு தடவை தூன் சார்டோன் மலைப்பாதைதான். விடியற்காலை ஐந்தே காலுக்கு ஏறுவேன், மதியம் மூன்றுக்கு மேல் இறங்குவேன். டுரியான் காலத்தில் ஆட்கள் காடியை ஓரத்தில் போட்டுவிட்டு நடுரோட்டில் நின்று பேரம் பேசுவார்கள், அது வேறு தலைவலி.

போன செவ்வாய்க்கிழமை மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும், ரோடு இன்னும் ஈரம். பாலிக் புலாவ் பக்கம் இறங்கும்போது ஒரு இடது வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், மூக்கு பாட்டுக்கு நேரே போகிறது. இன்னும் திருப்பினேன். ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் போய்விட்டது, கஞ்சிக்குள் கரண்டியைச் சுற்றுகிற மாதிரி. நடுக்கோட்டைத் தாண்டிவிட்டேன். பயத்தில் எண்ணெய் மிதியிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன், உடனே வால் வலது பக்கம் ஒரு வீசு வீசியது. எதிரே யாரும் வரவில்லை, பிழைத்தேன். வேகம் 50க்கு மேல் இருந்திருக்காது.

என் தம்பி, 'பார் போட்டால் சரியாகிவிடும்' என்கிறான். காடியை விறைப்பாக்கப் பூட்டுகிற கம்பியைத்தான் பார் என்கிறான். டவுனில் ஒரு கடையில் கேட்டோம். முன்னால் ஸ்ட்ரட் பார், கீழே லோவர் பார், பின்னால் ஸ்டேபிலைசர் பார், மூன்றும் சேர்த்து 650 வெள்ளி (ரிங்கிட்). ஸ்பிரிங்கை மாற்றிக் காடியைத் தாழ்வாக இறக்க இன்னும் 400. பின் பாருக்கு மட்டும் 100 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேனோ என்று இருக்கிறது. எதை முதலில் போட வேண்டும்?

கெப்போங் பையன்

அக்கா, பின் பார் தாராளமாகப் போடுங்க. நானும் மைவிதான், போட்ட அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது, மூக்கு கத்தி மாதிரி உள்ளே போகும். 400 வெள்ளி ஸ்பிரிங் வேண்டாம் என்றால் இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்று வெட்டலாம், 80 வெள்ளிக்குச் செய்து தருவாங்க. இறங்கினால் சாயாது. டயரை 195 அகலத்துக்கு மாற்றினால் இன்னும் ஜோர். உலு யாம் மலைப்பாதைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்க, எல்லாக் காடியும் இப்படித்தான் இருக்கும்.

செந்தூல் டயர்க்காரர்

தங்கச்சி, அந்த 100 வெள்ளியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எதையும் மாட்ட வேண்டாம்.

இருபத்திரண்டு வருடம் டயர் கடையில் முழங்காலில் நின்றவன் சொல்கிறேன். பாருக்கு அவசரமே இல்லை என்று காட்டுகிற இரண்டு வரி நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. ஒன்று, வேகம் 50தான். இரண்டு, காலை எடுத்ததும் வால் வீசியது. நல்ல நிலையில் இருக்கிற மைவி அந்த வேகத்தில் அப்படிச் செய்யாது. முன்னாலும் பிடி இல்லை, பின்னாலும் பிடி இல்லை என்றுதான் அர்த்தம்.

முன்சக்கர இழுவைக் காடியில் முன் டயர் இரண்டும் குடும்பத்தில் சம்பாதிக்கிற ஒரே ஆள் மாதிரி. இழுப்பதும் அதுதான், திரும்புவதும் அதுதான், பிரேக்கில் பெரும்பங்கும் அதுதான். சம்பளம் ஒன்று, செலவு மூன்று. வளைவுக்குள் பிரேக்கை அழுத்திக்கொண்டே திருப்பினால் பிரேக்குக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் திரும்புவதற்கு. அந்த மிச்சம் போதாதபோது மூக்கு வெளியே ஓடும். அப்போது இன்னும் திருப்பினால் ஒன்றும் ஆகாது, ரப்பர் தேய்வதுதான் மிச்சம். சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் பாயும், பின்பக்கம் லேசாகிவிடும். பின் டயர் சரியில்லை என்றால் அந்த நேரம் பார்த்து அது கையை விட்டுவிடும். உங்களுக்கு நடந்தது அப்படியே இதுதான்.

இப்போது பின் பார் என்ன செய்யும் என்று பாருங்கள். மைவிக்குப் பின்னால் டார்ஷன் பீம், இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற முறுக்குத் தண்டு. அதோடு ஒரு கம்பியைப் பூட்டினால் பின்பக்கம் சாய மறுக்கும். காடி வளைவில் சாயும்போது வெளிச் சக்கரத்துக்குப் போகிற எடையில் பெரிய பங்கைப் பின்பக்கம் வாங்கிக்கொள்ளும். முன் டயர் இரண்டும் கொஞ்சம் சமமாக மிதிக்கும், அதனால் மூக்கு உள்ளே வரும். கெப்போங் தம்பி சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தப் பிடி சும்மா வரவில்லை, பின் டயரிடமிருந்து கடன் வாங்கியது. ஏற்கனவே வால் வீசுகிற காடிக்கு அதை மாட்டி, மழையில், மலை இறக்கத்தில் ஓட்டினால்? பழைய பெஜோ 205 ஜிடிஐ ஓட்டியவர்களைக் கேளுங்கள், வளைவில் காலை எடுத்தால் என்ன ஆகும் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

ஸ்பிரிங் வெட்டுவது வேண்டவே வேண்டாம். இறங்கினால் சாயாது என்பது பாதிதான் உண்மை. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற லோவர் ஆர்ம் ஓரளவு படுக்கை வசமாக இருக்கும்படி கம்பெனி வைத்திருக்கிறது. இரண்டு அங்குலம் இறக்கினால் ஆர்மின் சக்கரப் பக்க முனை மேலே தூக்கிக்கொள்ளும். காடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, ரோல் சென்டர் என்பார்கள், அது தரையை நோக்கி வேகமாக இறங்கிவிடும். எடைமையம் அவ்வளவு இறங்காது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடினால் காடியைச் சாய்க்கிற நெம்புகோல் நீளமாகிறது. காசு கொடுத்து சாய்வை வாங்கின மாதிரி. வெட்டின ஸ்பிரிங் மேடு பள்ளத்தில் ஷாக் அப்சார்பரை அடிமட்டம் வரை தட்டும், அப்படித் தட்டுகிற நொடியில் டயர் ரோட்டில் இருக்காது. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) தடுப்பில் நிறுத்தினால் என்ன பதில் சொல்வீர்கள் என்பது தனிக் கதை.

முன் ஸ்ட்ரட் பார் போட்டால் எஞ்சின் அறை அழகாக இருக்கும். அவ்வளவுதான் சொல்வேன்.

நாளைக்கு வேலை முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். நாலு டயரிலும் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள், அதன் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஒரு பக்கச் சுவரில் இல்லை என்றால் மறுபக்கத்தில் இருக்கும், டார்ச் வைத்துக் குனிந்து பாருங்கள். அப்புறம் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னக் கட்டைகள் இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். மேல் ரப்பர் அதைத் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது. கையால் உள் ஓரத்தையும் தடவிப் பாருங்கள், நின்று பார்த்தால் அது தெரியாது. பிறகு நாலு மூலையிலும் பானட், பூட் பக்கம் பலமாக அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டால் அப்சார்பர் உயிரோடு இருக்கிறது. ஆடிக்கொண்டே இருந்தால் செத்துவிட்டது.

இலக்கங்களை இங்கே எழுதுங்கள், பேசுவோம்.

பட்டர்வொர்த் வேன்

காற்றை யாரும் கேட்கவில்லையே. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன், வாரம் ஒருமுறை பார்ப்பேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கிற அளவுதான் கணக்கு. எண்ணெய் நிலையத்து மிஷின் கேபிஏவில் காட்டும், 220 என்றால் கிட்டத்தட்ட 32 பிஎஸ்ஐ. டயர் சூடாகும் முன்னால் பாருங்க. மிஸ்ஸி என்கிறீர்கள், ஆட்களுக்கு மணிக்கொரு தரம் பிரஷர் பார்ப்பீர்கள், காடிக்குக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

பாலிக் புலாவ் மிஸ்ஸி

வேன் அண்ணே, நல்லாக் குத்தினீர்கள். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சீனப் பெருநாளுக்கு முன்னால்.

டார்ச் எடுத்துக்கொண்டு படுத்துப் பார்த்துவிட்டேன், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஏதோ தொலைந்துவிட்டதோ என்று கேட்டுவிட்டுப் போனார். முன் இரண்டும் 2317. பின் இடது 4418, பின் வலது 0919. ஆனால் முன் டயர் இரண்டையும் போன வருடம்தான் 'புதுசு' என்று சொல்லி ஒரு கடையில் போட்டேன்! ரப்பர் தடிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் வாளி மாதிரி இருக்கிறது. பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள். நான் வாங்கும்போதே அதற்கு ஐந்து வயது. ஊசி மருந்தில் காலாவதித் தேதி பார்க்காமல் கை வைக்க மாட்டேன், இதில் ஏமாந்துவிட்டேன்.

பின் டயர்கள் கட்டையைத் தொட்டுவிட்டன. முன் இடது டயரின் உள் ஓரம் மட்டும் மொட்டை. காற்று: முன்னால் 190, 170, பின்னால் இரண்டும் 160. முன் இடது மூலையை அழுத்தினால் மூன்று தடவை ஆடுகிறது.

செந்தூல் டயர்க்காரர்

பார்த்தீர்களா. இதற்கு மேல் பார் கேட்டால் காடியே அழும்.

உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் டோ, அதாவது முன் சக்கரங்கள் பார்க்கிற கோணம், வெளியே விரிந்திருக்கிறது. அப்படி ஆனதற்கு லோவர் ஆர்ம் புஷ், அந்த மூட்டு ரப்பர், கிழிந்திருக்கலாம், பட்டறையில் இரும்புக் கம்பியை விட்டு அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் புஷ், முன் அப்சார்பர் ஜோடியாக. பிறகு நாலு டயர். கடைசியில்தான் அலைன்மென்ட். முறை மாறினால் அலைன்மென்ட் காசு வீண். டயர் அளவை மாற்ற வேண்டாம், உங்களுக்கு 185/55 ஆர்15 போதும். அகலம் கூட்டினால் தேங்கின தண்ணீரில் இன்னும் சீக்கிரம் மிதக்கும், பினாங்கு மழைக்கு அது ஒத்துவராது. மழையில் பிடிக்கிற டயராகக் கேளுங்கள், எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று சொல்வதை விட்டுவிடுங்கள். மாட்டுவதற்கு முன்னால் நாலு இலக்கத்தையும் நீங்களே படியுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நானும் சுளித்திருக்கிறேன்.

எப்போதாவது இரண்டு டயர் மட்டும் வாங்க நேர்ந்தால் புதுசைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்னால்தானே இழுவை என்று எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். மூக்கு ஓடினால் வேகத்தைக் குறைத்துப் பிழைக்கலாம், வால் ஓடினால் நம்மில் பாதிப் பேருக்கு என்ன செய்வதென்று தெரியாது.

சின்ன முன்சக்கரக் காடியைக் குறைவாக நினைக்க வேண்டாம். 1959ல் வந்த மினி காடி, மோன்டி கார்லோ ரேலியை 1964, 1965, 1967 மூன்று தடவை ஜெயித்தது. நம் ஊரில் சத்ரியா ஜிடிஐ, புரோட்டோன் கம்பெனி 1996ல் இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனியை வாங்கின கையோடு அவர்கள் சஸ்பென்ஷனில் கை வைத்த காடி. என்னிடம் ஒன்று இருந்தது, மகள் கல்யாணத்துக்கு விற்றேன். அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பாலிக் புலாவ் மிஸ்ஸி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், டபுள் ஷிப்ட்.

முன் இடது புஷ் கிழிந்து தொங்கியது, பட்டறைக்காரர் கம்பியை விட்டதும் ஆர்ம் விரல் அளவு நகர்ந்தது. அப்சார்பர் தண்டில் எண்ணெய் வழிந்து தூசி கட்டியாக ஒட்டியிருந்தது. புஷ் இரண்டு பக்கமும் 90, அப்சார்பர் ஜோடி 280, டயர் நாலு 740, அலைன்மென்ட் 35. மொத்தம் 1145 வெள்ளி. இலக்கங்களைப் படித்தேன், நாலும் ஒரே வருடம். முகம் சுளித்தார்கள்.

நேற்று அதே இடது வளைவு, நல்ல மழை. வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துக்கொண்டு, 40ல், காலை மெதுவாக எண்ணெயில் வைத்துத் திருப்பினேன். மூக்கு திரும்பியது. அவ்வளவுதான், ஒன்றுமே நடக்கவில்லை. ஸ்டியரிங் கையில் கனமாக இருக்கிறது, இத்தனை நாள் அது லேசாக இருந்ததையே நான் பவர் ஸ்டியரிங்கின் குணம் என்று நினைத்திருக்கிறேன். காடி இப்போதும் சாய்கிறது, ஆனால் சாய்ந்து ஓர் இடத்தில் நிற்கிறது. முன்பு சாய்ந்தபிறகும் ஆடும்.

பின் பார் போடலாமா என்று இனி கேட்க மாட்டேன். கடைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை, மீதியைக் கட்டி பாரை எடுத்துக்கொள் என்கிறார்.

கெப்போங் பையன்

அக்கா, அப்படி என்றால் அந்த பாரை எடுத்து எனக்கே கொடுத்துவிடுங்க. என்னுடையதில் இருக்கிறது மெல்லிசு. பாதி விலை?

பாலிக் புலாவ் மிஸ்ஸி

தரலாம் தம்பி. முதலில் உன் பின் டயர் இரண்டின் இலக்கத்தைப் படம் பிடித்து இங்கே போடு.

கெப்போங் பையன்

...1116. சரி அக்கா, புரிகிறது.